கேள்வி பிள்ளையுடையது, கல் நம்முடையது: கிறிஸ்தவ வீட்டில் அன்ஸ்கூலிங்

ஆராதனை முடிந்து வெளியே நிற்கும்போது யாரிடமாவது "பையனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலைங்க, அவனுக்கு எதுல ஆர்வமோ அதை வெச்சு வீட்லயே படிக்கிறான்" என்று சொல்லிப் பாருங்கள். இப்படிப் படிப்பதற்குத்தான் அன்ஸ்கூலிங் என்று பெயர். கையிலிருக்கும் டீ ஆறுவதற்குள் நீதிமொழிகள் 29:15 வந்துவிடும்: "தன் இஷ்டத்திற்கு விடப்பட்ட பிள்ளையோ தன் தாய்க்கு வெட்கத்தை உண்டுபண்ணுகிறான்." சொல்கிறவர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியராக இருப்பார். அவர் சொல்வதை லேசாகத் தள்ளிவிட முடியாது.

சேலத்துக்கு லண்டன் மிஷன் 1827-ல் வந்தது. அதிலிருந்து இங்கே சபையும் பள்ளிக்கூடமும் ஒன்றாகவே வளர்ந்தன. ஏற்காட்டில் மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917 முதல் இருக்கிறது. ஊருக்குள் நுழையவே விடாத காலத்தில் பலகையும் பலப்பமும் கொடுத்து உட்கார வைத்தது மிஷன் பள்ளிதான் என்று நினைவு வைத்திருக்கும் குடும்பங்கள் நம் சபைகளில் நிறைய. அப்படி ஒரு வீட்டுத் தாத்தாவிடம் போய் "பள்ளிக்கூடம் தேவையில்லை" என்றால் அவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு பேசினால்தான் அடுத்த பேச்சு நடக்கும். மதிய உணவு, இலவசச் சீருடை, உதவித்தொகை இவற்றை நம்பி ஓடுகிற வீடு என்றால் அந்தத் தாத்தா சொல்வதைக் கேட்பதே புத்தி. அன்ஸ்கூலிங்குக்குப் பகலில் பெரியவர் ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும். அந்த வசதி எல்லோருக்கும் இல்லை.

சரி, வேதத்தில் பிள்ளையின் வழியே போகும் கல்விக்கு இடமே இல்லையா? மூன்று இடங்களைச் சேர்த்து வாசிக்க வேண்டும். யாத்திராகமம் 12:26-ல் பஸ்காவைக் குறித்து, "இந்த ஆராதனையின் கருத்து என்ன" என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று வருகிறது. உபாகமம் 6:20-ல் கட்டளைகளைக் குறித்து மகன் கேட்கிறான். யோசுவா 4-ஆம் அதிகாரத்தில் யோர்தானிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்துக் கில்காலில் நாட்டுகிறார்கள். பிள்ளைகள் நாளைக்கு "இந்தக் கற்கள் ஏது" என்று கேட்க வேண்டும் என்பதற்காகவே. மூன்றிலும் பாடம் பிள்ளையின் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது. ஆனால் கேள்வி தானாக முளைக்கவில்லை. அது முளைக்கிற மாதிரி ஒரு பொருளையோ ஒரு பழக்கத்தையோ பிள்ளையின் கண்ணில் படும்படி வைத்தவர்கள் பெரியவர்கள். கேட்டதும் பதில் சொல்லும் கடமையும் அவர்கள் மேல்தான். கல்லை நாட்டாமலேயே பிள்ளை கேட்கும் என்று காத்திருக்கிற வீட்டைப் பற்றித்தான் 29:15 பேசுகிறது.

அன்ஸ்கூலிங் என்ற பெயரை 1977-ல் அமெரிக்கக் கல்வியாளர் ஜான் ஹோல்ட் புழக்கத்துக்குக் கொண்டு வந்தார். கிறிஸ்தவ நோக்கத்தில் பிறந்த சொல் இல்லை அது. அந்தப் பெயரில் இன்று இரண்டு விதமான வழக்கம் இருக்கிறது. ஒன்று, படிப்பில் மட்டும் பிள்ளையின் ஆர்வமும் வேகமும் வழிகாட்டுவது. இன்னொன்று, தூக்கம், சாப்பாடு, செல்போன், சபைக்கு வருவது உட்பட எல்லாவற்றையும் பிள்ளையே முடிவு செய்வது. இரண்டாவதோடு கிறிஸ்தவக் குடும்பம் ஒத்துப்போவது கஷ்டம். பிள்ளையின் ஆர்வம் தேவன் கொடுத்தது, பிள்ளையின் பிடிவாதம் அப்படியல்ல என்ற பிரிவினை நம் விசுவாசத்தில் இருக்கிறது. லூக்கா 2-ல் பன்னிரண்டு வயது இயேசு போதகர்கள் நடுவில் உட்கார்ந்து கேட்கவும் வினாவவும் செய்கிறார். அதே அதிகாரத்தில் நாசரேத்துக்குத் திரும்பி வந்து பெற்றோருக்குக் கீழ்ப்படிந்திருக்கிறார். இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துக்கொள்ள முடியும்.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இந்த வாதம் இன்னும் எளிது. பெற்றோரே பிள்ளைகளின் முதல் ஆசிரியர்கள் என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் கிறிஸ்தவக் கல்வி பற்றிய தன் அறிக்கையிலேயே சொல்லிவிட்டது. ஃபாதரிடம் பேசும்போது அங்கிருந்து தொடங்கலாம்.

பேரம் பேசாத நான்கு

பிள்ளை விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் நடக்கிற காரியங்கள் என்று நான்கை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. ஐந்தாவது, ஆறாவது என்று சேர்த்துக்கொண்டே போனால் அது வீட்டுக்குள் நடக்கும் பள்ளிக்கூடமாகிவிடும்.

முதலாவது குடும்ப ஜெபம். காலையில் பதினைந்து நிமிடம் போதும். மாற்கு சுவிசேஷம் பதினாறு அதிகாரம். ஒரு நாளைக்குப் பத்து வசனம் என்று போனால் ஏறக்குறைய இரண்டு மாதத்தில் முடியும். ஒரு தடவை மட்டும் வாசித்துவிட்டு, பிள்ளையைத் தன் சொந்த வார்த்தையில் திரும்பச் சொல்லச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் கல்வியாளர் சார்லட் மேசன் நூறு வருடத்துக்கு முன்பே வலியுறுத்திய முறை இது. சொல்லும்போது குறுக்கே திருத்தக்கூடாது. "குஷ்டரோகியை இயேசு தொட்டார்" என்பதற்குப் பதில் "கட்டிப்பிடித்தார்" என்று ஆறு வயதுப் பிள்ளை சொன்னால் விட்டுவிடுங்கள். அடுத்த முறை வாசிக்கும்போது அவனே கவனிப்பான். இரண்டு முறை வாசித்துக் காட்டுகிற வீட்டில் பிள்ளை முதல் முறை கவனிப்பதே இல்லை. இது எல்லோரும் தவறுகிற இடம்.

இரண்டாவது வீட்டு வேலை. தன் தட்டு, தன் துணி, வீட்டுக்குப் பொதுவான ஒரு வேலை. மூன்றாவது தமிழ் வாசிப்பும் கணக்கும், அதைப் பற்றிக் கீழே. நான்காவது உண்மை பேசுவது. செய்யாததைச் செய்தேன் என்று நோட்டில் எழுதும் பழக்கம் வந்துவிட்டால் இந்த முறைக்கே அர்த்தமில்லை. பரிட்சையும் இல்லை, வாத்தியாரும் இல்லை, பிள்ளையின் சொல்லை நம்பித்தான் எல்லாம் ஓடுகிறது. அடித்து வளர்க்கும் வீட்டில் இந்த நான்காவது நிற்பதில்லை. தப்பாகப் பதில் சொன்னதற்கு அடி வாங்கிய பிள்ளை தெரியாததைக் கேட்க மாட்டான். கேட்காத பிள்ளையை வைத்துக்கொண்டு அன்ஸ்கூலிங் நடத்த முடியாது. எபேசியர் 6:4 சிட்சையையும் சொல்கிறது, கோபப்படுத்தாதீர்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்கிறது.

கல்லை நாட்டுவது எப்படி: ஆறு கிலோ காப்பிப் பழம்

ஏற்காட்டில் நவம்பரிலிருந்து ஜனவரி வரை காப்பிப் பழம் பறிக்கிறார்கள். தெரிந்த தோட்டக்காரரிடம் சொல்லிவைத்து நன்றாகச் சிவந்த அரபிக்கா பழம் ஆறு கிலோ விலைக்கு வாங்குங்கள். ஒன்றும் சொல்லாமல் வாசலில் ஒரு பக்கெட்டில் வையுங்கள். எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் இருக்கிற பிள்ளை என்றால் ஒரு மணி நேரம் தாண்டாது, கையை விட்டுவிடும்.

தண்ணீரில் கொட்டினால் சில பழங்கள் மிதக்கும். பூச்சி அரித்தது, உள்ளே கொட்டை சரியாகப் பிடிக்காதது. அவற்றைத் தனியாக எடுத்துவிட வேண்டும். மீதியைக் கையாலேயே பிதுக்கலாம், பல்ப்பர் என்ற தோல் உரிக்கும் இயந்திரம் வேண்டாம். ஒவ்வொரு பழத்துக்கும் இரண்டு கொட்டை. சிலவற்றில் மட்டும் ஒன்றே ஒன்று உருண்டையாக இருக்கும், அதற்குப் பீபெரி என்று பெயர். "ஏன் ஒண்ணு மட்டும்?" என்ற கேள்வி இங்கே வரும். பச்சையும் அரைப்பழமும் கலந்திருந்தால் பிதுங்காது, விரல் நகம்தான் வலிக்கும். வாங்கும்போதே பொறுக்கி வாங்குவது அதனால்தான்.

பிதுக்கிய கொட்டையைத் தண்ணீர் இல்லாமல் பக்கெட்டில் மூடி வைத்தால் மலைக் குளிரில் 24 முதல் 36 மணி நேரத்தில் வழவழப்பு கழன்றுவிடும். கீழே சேலம் வெயிலில் இன்னும் சீக்கிரம். கையில் எடுத்துத் தேய்த்தால் சரசரவென்று கூழாங்கல் மாதிரி சத்தம் கேட்க வேண்டும். வழுக்கினால் இன்னும் ஆகவில்லை. புளித்த நாற்றம் அடித்தால் அதிகமாகிவிட்டது. அந்த வழவழப்பின் சர்க்கரையைத் தின்றது யார் என்ற கேள்விக்கு ஈஸ்ட், பாக்டீரியா என்று பதில் சொல்லி இட்லி மாவு வரை போய்வரலாம்.

மூன்று நான்கு தடவை அலசி, வலைத் தட்டில் பரப்பி, அடிக்கடி கிளறிவிட்டு ஏழு முதல் பத்து நாள் காய வைக்க வேண்டும். சாயந்திரம் மூடாமல் விட்டால் மூடுபனியில் திரும்ப ஈரம் பிடிக்கும், பூஞ்சணம் வரும். தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டுக் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்தால் கோடு முதலில் செங்குத்தாக இறங்கி, பிறகு படுத்துவிடும். படுத்துவிட்டால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். மேல் தோலையும் நீக்கினால் ஆறு கிலோ பழத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ பச்சைக் கொட்டை. வறுத்தால் அதிலும் ஆறில் ஒரு பங்கு போய்விடும். விகிதமும் சதவீதமும் இதற்கு மேல் எந்தப் புத்தகத்தில் இவ்வளவு அழுத்தமாகப் பதியும் என்று தெரியவில்லை.

இதோடு நிற்காது. ஆறு கிலோ பிதுக்கிக் கை வலித்த பிள்ளை, "பறிக்கிறவங்களுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு குடுப்பாங்க?" என்று கேட்கும். தோட்டக்காரரிடமும் பறிக்கிற அக்காக்களிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். அன்று ராத்திரி ஜெபத்தில் யாக்கோபு 5:4 வாசியுங்கள், வயலை அறுத்தவர்களின் கூலி கூக்குரலிடுகிற வசனம். ஞாயிறு பள்ளியில் அதை மனப்பாடம் செய்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

ஒரு எச்சரிக்கை. வாங்கி வந்து வீட்டில் செய்வது வேறு, தோட்டத்தில் போய்ப் பறிக்கிறவர்களோடு நிற்க வைப்பது வேறு. 14 வயதுக்குள் பிள்ளையை அடுத்தவர் தோட்டத்திலோ பட்டறையிலோ வேலைக்கு விடுவது குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தப்படி குற்றம். சம்பளம் கொடுக்கவில்லை என்று சமாளிக்க முடியாது. செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைகளுக்கும் இதே விதி. பற்றவைப்பதை நாலு அடி தள்ளி நின்று பார்க்கலாம். ஆசிட் தொட்டி பக்கம் போகக்கூடாது.

மலைப்பாதை

சேலம் நகரம் கடல் மட்டத்துக்கு மேல் 300 மீட்டருக்குள். ஏற்காடு ஏரி ஏறக்குறைய 1,400 மீட்டர். நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. ஆய்வகத்தில் பயன்படுத்தும் 110 டிகிரி கண்ணாடி வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். காய்ச்சல் பார்க்கிறது உதவாது. சொந்த வண்டியில் போகும்போது அடிவாரம், பத்தாவது வளைவு, ஏரி என்று வண்டியை ஓரங்கட்ட இடமுள்ள மூன்று இடத்தில் நிறுத்தி, நிழலில் இரண்டு நிமிடம் பிடித்து எழுத வேண்டும். ஜன்னலோரம் வெயில் பட்டு எடுத்த அளவு ஒன்றுக்கும் ஆகாது. ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. மூடுபனி நாளில் அது தப்பும். தப்புகிற நாள்தான் பாடத்துக்கு நல்ல நாள்.

மேலே போனதும் தண்ணீர் கொதிக்கிற வெப்பத்தையும் அளக்கலாம். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஒரு டிகிரி குறைந்து, ஏரிக்கரையில் 95-க்குப் பக்கத்தில் நிற்கும். ஏற்காட்டில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக ஏன் நேரமாகிறது, குக்கரில் ஏன் ஆகவில்லை என்று காற்றழுத்தம் முழுவதையும் சமையலறையிலேயே முடித்துவிடலாம்.

காலை, மாலை இருட்டில் பிள்ளைகளைத் தனியாக நடக்க விடாதீர்கள். காட்டெருமை ரோட்டுக்கே வருகிறது. செடி, ஆர்கிட் ஆர்வம் உள்ள பிள்ளைக்குத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்கிட் தோட்டம் ஏற்காட்டிலேயே இருக்கிறது. போட்டோ எடுக்காமல் வரையச் சொல்லுங்கள், வாரம் ஒரே ஒரு செடி. லீபனோனின் கேதுரு முதல் சுவரில் முளைக்கும் ஈசோப்பு வரை சாலொமோன் பேசினார் என்று 1 இராஜாக்கள் 4:33-ல் வருவதை அப்போது சொன்னால் போதும், பிரசங்கம் வேண்டாம்.

தமிழும் கணக்கும்

அன்ஸ்கூலிங் குடும்பங்களில் வழக்கமாக ஓட்டை விழுவது இந்த இரண்டில்தான். அதனால்தான் இவற்றைப் பேரம் பேசாத பட்டியலில் வைத்தது.

அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்த தம்பதியான ரேமண்ட் மூர், டொரத்தி மூர் இருவரும் முறையான படிப்பை எட்டு வயதுக்கு மேல் தள்ளிப் போடலாம் என்று வாதிட்டவர்கள். அதைப் பிடித்துக்கொண்டு ஒன்பது வயது வரை எழுத்தே காட்டாமல் இருக்கிற வீடுகள் உண்டு. ஆங்கிலத்தின் எழுத்துக்கூட்டல் குழப்பத்துக்கு அந்தத் தாமதம் பொருந்தலாம். தமிழுக்கு அவசியமில்லை. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு இங்கே பெரும்பாலும் நேரானது. ட, ப, ம, ய என்று கோடு எளிதான எழுத்துகளில் ஆரம்பித்து, துணைக்கால், கொம்பு, சுழி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் ஆர்வம் வந்த பிள்ளை சில மாதத்தில் வாசித்துவிடும். 247 எழுத்தையும் அட்டவணையாக முதலில் ஒட்டி வைத்தால் மிரண்டுவிடும். எட்டு வயது நெருங்கியும், தினம் வாசித்துக் காட்டியும், ஒலியை எழுத்தோடு சேர்க்கவே முடியவில்லை என்றால் "அவன் நேரம் வரும்" என்று உட்கார்ந்திருக்காதீர்கள். கண், காது, கற்றல் குறைபாடு மூன்றையும் பரிசோதித்துவிடுங்கள். பள்ளியில் இருந்திருந்தால் ஆசிரியர் யாராவது கவனித்திருப்பார். வீட்டில் கவனிக்க நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

வாசிப்பு ஓடத் தொடங்கிய பிறகு மாவட்ட மைய நூலகத்தில் பிள்ளை பெயரிலேயே உறுப்பினர் அட்டை எடுத்துவிடுங்கள். பாட்டில் ஈடுபாடு உள்ள பிள்ளைக்குக் கீர்த்தனைப் புத்தகமே பாடப் புத்தகம். பாட்டுக்கு மேலே ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும். ஆதி தாளத்துக்கு எட்டு, மிஸ்ர சாபுக்கு ஏழு என்று கை தட்டிப் பழகிய பிள்ளைக்குப் பின்னத்தில் பாதி வேலை குறையும்.

கணக்குக்கு உழவர் சந்தை நல்ல இடம். சூரமங்கலம், அம்மாபேட்டை எங்கே போனாலும் அன்றன்றைய விலைப் பலகை இருக்கும். ஐந்து காய்களின் விலையை மூன்று மாதம் குறித்து வரைபடம் போடலாம். சில்லறையைப் பிள்ளையே வாங்கி எண்ணலாம். பின்னால் வரிசை நிற்கிறதே என்று அப்பா குறுக்கே புகுந்து கணக்கைச் சொல்லிவிட்டால் அன்றைய பாடம் முடிந்தது. கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். ஆனால் சந்தை கொடுக்காத கணக்கும் இருக்கிறது. குறை எண், பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பது, இயற்கணிதம் இதெல்லாம் கத்தரிக்காய் விலையில் வராது. வாரத்தில் நான்கு நாள், இருபது நிமிடம், உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாக வேண்டும். பதினொரு வயதுக்கு மேல் அதை நாற்பது நிமிடமாக்குங்கள். இதைச் செய்யாத வீடுகளில் பிள்ளை பதினான்கு வயதில் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்து அழுகிறது.

பள்ளியை விட்டு வந்த பிள்ளை

நடுவில் நிறுத்திக் கூட்டி வந்த பிள்ளைக்குப் பள்ளியில் இருந்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதம் ஓய்வு என்பது வீட்டுக்கல்விக் குடும்பங்களில் சொல்லும் கணக்கு. நாலாவது வரை படித்த பிள்ளை நாலைந்து மாதம் "போரடிக்குது" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். பெற்றோர் மூன்றாவது வாரத்தில் பயந்துபோய் டைம்டேபிள் போட்டு, ஆன்லைன் வகுப்புக்குப் பணம் கட்டிவிடுவார்கள். அங்கேயே கெடுகிறது. அந்த மாதங்களில் ஜெபம், வீட்டு வேலை, வெளியே சுற்றுவது, சத்தமாகக் கதை வாசித்துக் காட்டுவது போதும்.

செல்போனை மட்டும் அந்த ஓய்வுக்குள் விடக்கூடாது. அடுத்தடுத்து தானாக ஓடுகிற வீடியோவைப் பார்ப்பதைப் பிள்ளையின் ஆர்வம் என்று எண்ணாதீர்கள். அங்கே வழிநடத்துவது வீடியோ கம்பெனி. தேட வேண்டிய கேள்வியை முதலில் தாளில் எழுதி, அதற்குப் பதில் கிடைத்ததும் போனை வைத்துவிடுவது என்ற ஒரு விதி இருந்தால் பெரும்பாலான சண்டை குறையும். அப்பா அம்மாவுக்கும் அதே விதி.

அப்பா எங்கே?

எபேசியர் 6:4 "பிதாக்களே" என்றுதான் கூப்பிடுகிறது. நடப்பில் முழுப் பாரமும் அம்மா தலையில்தான் விழுகிறது. சமையல், பாத்திரம், மாமியார் பேச்சு, அதோடு நாள் முழுக்கக் கேள்வி. ஒன்றரை வருடத்தில் அம்மா சோர்ந்துபோய்ப் பிள்ளை திரும்பப் பள்ளிக்குப் போவதுதான் பல வீடுகளின் கதை. கணக்கு நாற்பது நிமிடமும் சனிக்கிழமை முழுவதும் அப்பா பொறுப்பு என்று ஆரம்பத்திலேயே பேசி முடிக்காவிட்டால், ஆரம்பிக்காமல் இருப்பதே நல்லது. ஞாயிறு யாருக்கும் பாடம் இல்லை.

சபையிலேயே ஆசிரியர்கள் இருக்கிறார்களே, அவர்களை விரோதித்துக்கொள்ளாதீர்கள். "டீச்சர், சனிக்கிழமை ஒரு மணி நேரம் இவளுக்கு மைக்ராஸ்கோப் காட்டித் தரீங்களா?" என்று கேட்டால் 29:15 சொன்ன அதே வாய் சந்தோஷமாகச் சம்மதிக்கும். மே மாத வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி), ஞாயிறு பள்ளி, வாலிபர் கூட்டம் எதையும் தவறவிடாதீர்கள். நம் பிள்ளைக்கு ஒத்த வயதுக் கூட்டாளிகள் அங்கேதான் கிடைப்பார்கள். தெருப் பிள்ளைகளோடு சாயந்திர விளையாட்டும் வேண்டும்.

உலகத்தின் கண்ணிலிருந்து பிள்ளையை மறைத்து வைக்கத்தான் வீட்டுக்கல்வி என்று நினைக்கிறவர்களுக்கு அன்ஸ்கூலிங் ஒத்துவராது. ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஊரே திரளும்போது பிள்ளை கேட்கும். டைனோசர் கேட்கும், பரிணாமம் கேட்கும், பக்கத்து வீட்டு அத்தை நோன்பு வைப்பதைக் கேட்கும். பதிலை அடக்கினால் அதோடு மற்றக் கேள்விகளும் நின்றுவிடும். தெரிந்ததைச் சொல்லி, தெரியாததற்கு "சபை ஐயரிடம் கேட்கலாம், டாக்டரிடம் கேட்கலாம்" என்று கூட்டிப் போகத் துணிவு உள்ளவர்கள்தான் இதில் இறங்க வேண்டும். அத்தையின் பலகாரத்தை மரியாதையாக வாங்குவது எப்படி, மறுப்பது எப்படி என்பதும் அந்தப் பாடத்தில் ஒன்று.

நோட்டு, சட்டம், பரிட்சை

200 பக்க நீள நோட்டு ஒன்று. தினமும் இரவு நாலு வரி: என்ன செய்தது, யாரோடு, என்ன கேட்டது, எது பாதியில் நிற்கிறது. "இன்று அறிவியல் படித்தோம்" என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து ஒன்றும் புரியாது. "காப்பிக் கொட்டை 1 கிலோ 900, நேற்றைவிட 240 கிராம் குறைவு" என்று எழுத வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புத்தகத்தை இலவசமாக இறக்கி, பொருளடக்கத்தை மட்டும் எடுத்து, நோட்டில் இருப்பதற்கெல்லாம் டிக் அடியுங்கள். டிக் விழாத இடம்தான் அடுத்து நாட்ட வேண்டிய கல்.

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரைக்கானது. அதன் 10-ஆம் பிரிவு பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. மீறும் பெற்றோருக்குத் தண்டனை எதையும் அந்தச் சட்டம் சொல்லவில்லை, வீட்டுக்கல்வியைத் தனியாக அங்கீகரிக்கவும் இல்லை. இதை மறைக்காமல் தெரிந்துகொண்டே முடிவு எடுக்க வேண்டும். பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு ஆசிரியர் வீட்டுக்கு வந்தால் கதவைச் சாத்தாதீர்கள். உட்கார வைத்து நோட்டைக் காட்டுங்கள், பிள்ளையோடு பேச விடுங்கள். அவர் தன் வேலையைத்தான் செய்கிறார். பள்ளியில் ஏற்கெனவே சேர்த்திருந்தால் சும்மா அனுப்பாமல் விடக்கூடாது; எழுத்தில் கொடுத்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் இடைநின்ற பிள்ளையாகவே பெயர் நிற்கும். திரும்பப் போக வேண்டுமானால், அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு வயதுக்கேற்ற வகுப்பில் சேர உரிமை தருகிறது.

பரிட்சைக்கு இரண்டு பாதை. அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை 12½ வயது நிறைந்தவர்கள் எழுதலாம். அதிலிருந்து பத்தாம் வகுப்புத் தனித்தேர்வுக்குப் போகலாம். மற்றொன்று 1989-ல் தொடங்கிய தேசிய திறந்தநிலைப் பள்ளி, என்.ஐ.ஓ.எஸ். 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்கு நேராகச் சேரலாம்; குறைந்தது ஐந்து பாடம், அதில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும். பொதுத்தேர்வு ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று வருடத்துக்கு இரண்டு முறை; ஐந்து வருடத்துக்குள் ஒன்பது வாய்ப்பு. தேர்ச்சிக்கு 33 சதவீதம். ஆர்வத்தின்படியே படித்து வந்த பிள்ளைக்கு இந்த வாய்ப்பு எண்ணிக்கை பெரிய நிம்மதி. கணக்கை மட்டும் தனியாகத் தள்ளி எழுதலாம். பிற்காலத்தில் தமிழ்நாடு அரசு வேலை மனதில் இருந்தால் சான்றிதழ் இணைத்தன்மை பற்றிய அப்போதைய அரசாணையைச் சேருவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் தனித்தேர்வுப் பாதையே பத்திரம்.

எந்தப் பாதையானாலும் 13 வயதில் பிள்ளையை உட்கார வைத்துப் பேச வேண்டும். பரிட்சைக்குப் படிப்பது வேறு திறமை, அதற்கு ஒரு வருடம் முழுசாக வேண்டும், பிடித்ததைக் கொஞ்சம் ஓரங்கட்ட வேண்டியிருக்கும் என்று மூடி மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மூன்று மணி நேரம் நிறுத்தாமல் எழுதிப் பழகாத கை பாதிப் பரிட்சையில் வலித்து நின்றுவிடும். வாரம் ஒரு முறை, முதலில் அரை மணி, பிறகு ஒரு மணி என்று எழுதிக் கூட்டிக்கொண்டு போங்கள்.

நம் வீடுகளில் மட்டும் வருகிற ஒரு சிக்கல், பெயர். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் இனிஷியல் மாறி ஒன்று. பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு இதை யாராவது தலைமையாசிரியர் கவனித்துச் சொல்வார். வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு விண்ணப்பம் நிரப்புகிற அன்றுதான் தெரியவரும். பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்காமலே விட்டிருந்தால் பதிவு செய்த நாளிலிருந்து 15 வருடத்துக்குள் சேர்த்தாக வேண்டும். பன்னிரண்டு வயது முடிவதற்குள் மூன்று தாளையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்துவிடுங்கள். திருத்தம் முதலில் பிறப்புச் சான்றிதழில், அதைக் காட்டி ஆதாரில்.